உலோகமும் உள்ளமும்

மருதமுனை என்றதும் தறியோசையே பலருடைய நினைவுக்கு வரும். கல்முனைக்கு வடக்கே, கடலோர மணற்பரப்பில் அமைந்த அவ்வூரில் நெய்யப்படும் சேலையும் சாரமும் இலங்கையின் பல பாகங்களிலும் பெயர் பெற்றவை. தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளி, பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே கையை நிறுத்துகிறான். இழை எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது, நூலிற் குறையா, அச்சிற் குறையா என்று பார்த்து, முடிச்சிட்ட பின்னரே மீண்டும் நாடாவை ஓட்டுகிறான். அறுந்த இழையை அவன் ஏசுவதில்லை.

மனிதனுடைய உள்ளத்தில் ஓர் இழை அறுந்தால் ஊரார் அவ்வாறு ஆராய்வதில்லை. காரணமின்றிச் சினக்கின்ற ஒருவனைக் கெட்ட குணத்தான் என்கின்றனர். உறக்கமின்றி, யாருடனும் பேசாது முடங்கிக் கிடப்பவளைச் சோம்பேறி என்கின்றனர். இல்லாத குரலைக் கேட்பவனுக்குப் பேய் பிடித்ததென்றும், ஜின் தீண்டியதென்றும், கண்ணூறு பட்டதென்றும் சொல்கின்றனர். பாடத்தில் மனம் பதியாத பிள்ளைக்குக் கிடைப்பது பிரம்படி. அதன் தாய்க்குக் கிடைப்பது வளர்ப்புச் சரியில்லை என்ற பழி.

உளநோய்க்குக் காரணங்கள் பல. பரம்பரை ஒன்று, பெருந்துயர் மற்றொன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி உற்றாரைக் கொண்டுபோன ஓர் ஊருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வறுமை, போதைப்பொருள், நீண்டகாலப் போர் ஆகியனவும் காரணங்களே. இவற்றோடு, அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. காற்றோடும் உணவோடும் தூசியோடும் உடலிற் புகுந்து, மூளையிற் குடிகொள்ளும் நச்சு உலோகங்களே அக்காரணம்.

இரும்பு, செம்பு, துத்தநாகம் முதலியன சிறு அளவில் உடலுக்குத் தேவையானவை. காரீயமும் பாதரசமும் அத்தகையன அல்ல. அவற்றால் உடலுக்கு எப்பயனும் இல்லை. புகுந்த அணு ஒவ்வொன்றும் வேண்டாத விருந்தாளியே. தமிழில் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களைக் குறிப்பதால் இங்கு ஒரு மயக்கமும் நேர்கிறது. செம்புப் பாத்திரத்துக்கு உட்புறம் பூசுவது வெள்ளீயம். தூய்மையானதாயின் அதனாற் கேடில்லை. வலையின் அடிக்கயிற்றிற் கோக்கப்படுவதும், மோட்டார் வாகனங்களின் பற்றரிக்குள் இருப்பதும் காரீயம். மூளைக்குப் பகையாவது பின்னையதே. விலை மலிவு கருதி வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து பூசும்போது சமையற் பாத்திரமும் நஞ்சாகிவிடும்.

உலோகம் உள்ளத்தைக் கெடுக்கும் என்பதற்கு வரலாற்றில் மறுக்கவியலாத சான்றுகள் உள்ளன. 1924ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பேவே என்னுமிடத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பெற்றோலிற் கலப்பதற்கென அங்கு ஒரு காரீயச் சேர்மத்தைத் தயாரித்து வந்தனர். அவ்வேலையில் ஈடுபட்டிருந்த தொழிலாளர், ஒருவர்பின் ஒருவராக அறிவு மயங்கினர். இல்லாத உருவங்களைக் கண்டு அலறினர், மூர்க்கமுற்றுத் திமிறினர். சில நாட்களுக்குள் ஐவர் மாண்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அதே சேர்மத்தைத் தயாரித்த, அம்மாநிலத்தின் மற்றோர் ஆலையில், தொழிலாளர் காற்றிற் பறக்காத பூச்சிகளைக் கையால் விரட்டிக்கொண்டிருந்தமையால், அக்கட்டடத்துக்கு வண்ணத்துப்பூச்சி வீடு என்றே பெயர் வழங்கிற்று. இவர்கள் யாவரும் முதல்நாள் வரை நல்ல புத்தியுடன் உழைத்தவர்கள். அவர்களுடைய குணமும் வளர்ப்பும் மாறவில்லை. மூச்சிழுத்த காற்றே மாறியிருந்தது.

பாதரசத்தின் கதை அதனினும் பழையது. மேல்நாடுகளில் முயலின் உரோமத்தைக் கொண்டு தொப்பி செய்தோர், அவ்வுரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினர். அதன் ஆவியை ஆண்டுக்கணக்கிற் சுவாசித்த தொழிலாளரிடம் விந்தையானதொரு நோய் தோன்றியது. கை நடுங்கியது; நினைவு தவறியது; உறக்கம் கெட்டது. எல்லாவற்றினும் வியப்பானது அவர்களுடைய கூச்சம். நேற்றுவரை கலகலப்பாக இருந்தவன் அயலார் முன் நிற்க அஞ்சி ஒளிந்தான். யாரேனும் உற்றுப் பார்த்தால் வெகுண்டான். அமெரிக்காவில் தொப்பித் தொழிலிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டது 1941ஆம் ஆண்டிலேதான்.

இவை பேரளவில் நஞ்சு புகுந்தோரின் நிலை. ஆலைக்குள் அடியெடுத்தும் வையாத சாதாரண மக்களின் உடலில், கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாத சிற்றளவிற் சேரும் உலோகம் என்ன செய்யும்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அறிஞர்கள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளிற் பிறந்த 1,037 குழந்தைகளை ஆய்வாளர் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகின்றனர். அக்குழந்தைகளுள் 579 பேருடைய குருதி, அவர்களுக்குப் பதினொரு வயதானபோது காரீயத்துக்காகப் பரிசோதிக்கப்பட்டது. அன்று அந்நாட்டு வாகனங்கள் காரீயம் கலந்த பெற்றோலில் ஓடின. ஏழையும் செல்வனும் ஒரே புகையையே சுவாசித்தனர். ஆகவே வறுமையின் விளைவைக் காரீயத்தின் விளைவென மயங்குவதற்கு அங்கு இடம் குறைவு. அப்பிள்ளைகள் முப்பத்தெட்டு வயதை எட்டியபின் திரட்டிய முடிவுகள் 2019ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. சிறுவயதிற் குருதியிற் காரீயம் கூடுதலாக இருந்தோரிடம் மனச்சோர்வு, அச்சம், சிந்தனைக் குழப்பம் ஆகியவற்றின் அறிகுறிகள் பின்னாளிற் கூடுதலாகக் காணப்பட்டன. அவர்களை நன்கறிந்தோரும், எளிதிற் கலங்குவோர், பிறரோடு ஒத்துப்போகாதோர், எடுத்த காரியத்தில் உறுதி குன்றியோர் என்றே அவர்களைப் பற்றிக் கூறினர். வேற்றுமை மிகப் பெரிதன்று என்பதையும் ஆய்வாளர் நேர்மையாகக் குறித்துள்ளனர். ஆயினும் ஒரு நாட்டின் பிள்ளைகள் அனைவரையும் சிறிதளவு சாய்த்துவிடும் ஒன்றைச் சிறிதென்று தள்ள இயலாது.

அமெரிக்காவில் இருபது முதல் முப்பத்தொன்பது வயது வரையான ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. குருதியிற் காரீயம் மிகுந்திருந்த ஐந்திலொரு பகுதியினரிடம், மிகக் குறைந்திருந்தோரைவிடக் கடும் மனச்சோர்வு இரு மடங்குக்கு மேலாகவும், திடீர்ப் பீதிநோய் ஏறத்தாழ ஐந்து மடங்காகவும் காணப்பட்டன. உலக சுகாதார நிறுவனம், காரீயத்தில் இவ்வளவு கேடற்றதென்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று கூறுகிறது.

ஓர் உலோகம் உள்ளத்தை எவ்வாறு தீண்டுகிறது? மூளையில் ஒரு நரம்புக்கலம் மற்றொரு கலத்துக்குச் செய்தி அனுப்புவதற்குக் கல்சியம் எனப்படும் சுண்ணாம்புச் சத்து இன்றியமையாதது. காரீயம் அச்சத்தின் வேடம் பூண்டு வருகிறது. வாயிற்காவலன் ஏமாந்து உள்ளே விடுகிறான். உட்புகுந்தபின் செய்தி போகவேண்டிய வேளையிற் போகவொட்டாமலும், போகவேண்டாத வேளையிற் போகுமாறும் செய்து ஒழுங்கைக் குலைக்கிறது. சினத்தை அடக்குதல், பொறுத்திருத்தல், பின்விளைவை எண்ணிப் பார்த்தல் ஆகிய பணிகள் மூளையின் முன்பகுதிக்குரியவை. சிறுவயதிற் காரீயத்துக்கு ஆளாகி வளர்ந்தோரின் மூளையைப் படம்பிடித்து, அமெரிக்காவின் சின்சினாட்டி நகர ஆய்வாளர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, சுருக்கம் கண்ட இடங்களுள் முதன்மையானது அம்முன்பகுதியே. பொறுமையில்லாதவன் என்று ஏசப்படுவோருள் சிலர், பொறுமையை விளைக்கும் நிலத்தையே இழந்தோராக இருத்தல் கூடும்.

குருதியிற் புகுந்த காரீயம் சில வாரங்களிற் குறைந்துவிடும். ஆனால் அதன் ஒரு பகுதி வெளியேறுவதில்லை. கல்சியமென்றே மயங்கி எலும்பு அதனைச் சேமித்து வைக்கிறது. அங்கு அது பல பத்தாண்டுகள் தங்கியிருக்கும். ஒரு பெண் கருவுற்று, வயிற்றுப்பிள்ளைக்குத் தன் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை வழங்கும்போது, அவள் சிறுமியாய் விளையாடிய நாளில் உடலிற் சேர்ந்த காரீயமும் உடன் செல்கிறது. தாய் அறியாமலே கொடுக்கும் சீதனம் அது. சிறுபிள்ளைகளோ, ஒரே அளவு நஞ்சை உண்டாலும், பெரியவர்களைவிட நான்கு ஐந்து மடங்கு கூடுதலாக உடலில் ஏற்றுக்கொள்கின்றனர். தரையிற் கிடப்பதை எடுத்து வாயில் வைக்கும் பருவமும், மூளை விரைந்து வளரும் பருவமும் ஒன்றாய் அமைந்தமை பெருந்துன்பமே.

தமிழ் நிலத்துக்கு அண்மையதொரு நிகழ்ச்சி கொடைக்கானலில் நடந்தது. அமெரிக்காவின் வோட்டர்டவுன் நகரில் இயங்கிய உடல்வெப்பமானித் தொழிற்சாலையின் இயந்திரங்கள் அங்கிருந்து கொணரப்பட்டு, 1983ஆம் ஆண்டளவில் அம்மலையூரில் நிறுவப்பட்டன. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையொன்றிற் குவிந்து கிடந்ததைச் சுற்றுச்சூழல் ஆர்வலரும் ஊராரும் 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிப்படுத்தியபின் ஆலை மூடப்பட்டது. 2003ஆம் ஆண்டில் ஏறத்தாழ 290 தொன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றது. தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் நோய் வந்ததென்று தொழிலாளர் முறையிட்டனர். நிறுவனம் அதனை ஏற்கவில்லை. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின், 2016ஆம் ஆண்டில், மனிதாபிமான அடிப்படையில் என்ற பெயரில் 591 தொழிலாளருடன் உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது. காய்ச்சலை அளந்து உயிரைக் காக்கும் கருவி அதனைச் செய்தோருக்கு அச்சத்தையே விட்டுச் சென்றது. நஞ்சு புகுவதற்கு ஒரு நாள் போதும். புகுந்ததென்று நிறுவுவதற்கு ஒரு தலைமுறை ஆகிறது. ஆகவே நோய் வந்தபின் வழக்காடுவதினும் வருமுன் காத்தலே அறிவுடைமை.

இலங்கை இவ்வகையிற் கைகட்டி இருந்ததில்லை. காரீயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் இந்நாட்டிலிருந்து நீங்கியது. சுவருக்கும் மரத்துக்கும் பூசும் வர்ணங்களிற் காரீயத்தின் அளவுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2011ஆம் ஆண்டில் வரம்பு விதித்தது. அது 2013ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையிலும் இலங்கை இணைந்துள்ளது. யப்பானின் மினமாட்டா நகரில் ஆலைக்கழிவின் பாதரசம் மீனிற் கலந்து, அதனை உண்ட மீனவக் குடும்பங்களின் நரம்புகளைச் சிதைத்தமை 1956ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரே உடன்படிக்கைக்கு இடப்பட்டது. எனினும் சட்டம் வாயிற்படி வரையே வரும். வீட்டுக்குள் இருக்கும் உலோகத்தை வீட்டிலுள்ளோரே கண்டறிதல் வேண்டும்.

கடற்கரையூரின் வீட்டில் முதலிற் கவனிக்கத்தக்கது வலைக்குரிய ஈயக்குண்டு. பழைய பற்றரியை உடைத்து, அதன் காரீயத்தை அடுப்பில் உருக்கி அச்சில் வார்ப்பதுண்டு. அவ்வேளை எழும் புகையும், நிலத்திற் படியும் சாம்பலும், உடையில் ஒட்டும் தூசியுமே பெருங்கேடு. குண்டை வார்ப்பவர் அடுக்களைக்கும் பிள்ளைகளுக்கும் தொலைவில் அதனைச் செய்தலும், அன்றேல் வார்த்த குண்டையே வாங்குதலும் நன்று. வலை செப்பனிட்ட கையைக் கழுவாமற் சோற்றில் வைத்தலும், குண்டைப் பல்லாற் கடித்து இறுக்குதலும் விடத்தக்கன. 2013ஆம் ஆண்டுக்கு முன்னர் வர்ணம் பூசிய கதவும் ஜன்னலும் உரியத் தொடங்கினால், உலர்ந்த நிலையிற் சுரண்டாது ஈரப்படுத்தியே சுரண்டி, தூசியைத் துடைத்தெடுத்தல் வேண்டும்.

அடுத்தது சுறுமா. கண்ணுக்கு இடுவது நன்று என்னும் நம்பிக்கை முஸ்லிம் குடும்பங்களில் நெடுங்காலமாக உண்டு. முன்னோர் போற்றிய இத்மித் என்பதை அஞ்சனக்கல்லென்று பலர் விளக்குவர். ஆனால் இன்று பல நாட்டுச் சந்தைகளில் அப்பெயராலும் வேறு பெயர்களாலும் விற்கப்படும் பொடிகளைப் பகுத்துப் பார்த்த அறிஞர், அவற்றுட் பலவற்றில் இருப்பது காரீயக் கல்லே என்று கண்டுள்ளனர். சிலவற்றிற் பாதிக்கு மேலும் அதுவே. தொட்டிற்பிள்ளை கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைக்கும். வழக்கத்தை மதிப்போர் பொருளையும் ஆராய்வது அவ்வழக்கத்துக்குச் செய்யும் மரியாதையேயாம்.

மூன்றாவது, முகத்தை வெண்மையாக்கும் களிம்பு. மணநாள் நெருங்கும் பெண்கள் பெயர்ப்பட்டியில்லாத சிமிழ்களை வாங்கிப் பூசுகின்றனர். அத்தகைய களிம்புகள் சிலவற்றிற் பாதரச உப்பு மிகுதியாக உண்டு. அது தோல் வழியே குருதியிற் கலந்து சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, மனக்கலக்கம், சோர்வு, சித்தக் குழப்பம் ஆகியவற்றுக்கும் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. புதுமணப்பெண் காரணமின்றி அழுகிறாள் என்று வருந்தும் குடும்பம், அவளுடைய அலுமாரியையும் ஒருமுறை திறந்து பார்த்தல் தகும். உடைந்த உடல்வெப்பமானியிலிருந்து சிதறும் பாதரச மணிகளைப் பிள்ளைகள் உருட்டி விளையாடவிடலாகாது. விளக்குமாற்றாற் பெருக்கவும் ஆகாது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கையுறையிட்டுக் கடுதாசித் துண்டால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள போத்தலில் அடைத்து ஒதுக்குதல் வேண்டும்.

மீன் பற்றி ஒரு வார்த்தை. கடலிற் சேரும் பாதரசம் சிறுமீனிலிருந்து அதனைத் தின்னும் பெருமீனுக்கு ஏறி ஏறித் திரள்கிறது. ஆதலாற் சுறா, வாள்மீன் போன்றவற்றைக் கருவுற்ற தாயரும் குழந்தைகளும் குறைத்து உண்பது நன்று. நெத்தலியும் சூடையும் அஞ்சத்தக்கன அல்ல. முள்ளோடு உண்ணும் நெத்தலி சுண்ணாம்புச் சத்தைத் தருகிறது. சுண்ணாம்பும் இரும்பும் போதிய அளவு இருக்கும் உடலிற் காரீயம் எளிதில் ஏறாது. ஏழையின் கறிச்சட்டியே இங்கு மருந்துப்பெட்டியும் ஆகிறது.

தறியூருக்கே உரிய ஐயம் ஒன்றும் உண்டு: சாயம் மனத்தைக் கெடுக்குமா? சாயங்கள் சிலவற்றிற் குரோமியமும் செம்பும் உண்டு. அவற்றால் தோலுக்கும் நுரையீரலுக்கும் நேரும் தீங்கு அறியப்பட்டதே. சாயநீர் மணலிற் சுவறிக் கிணற்றைச் சேர்வதும் தடுக்கப்பட வேண்டியதே. ஆயின் காரீயத்துக்கும் பாதரசத்துக்கும் எதிராக உள்ள அத்தனை சான்று, உளநோய் குறித்துச் சாயத்துக்கு எதிராக இல்லை. குற்றவாளியைத் தேடும்போது அகப்பட்டவனையெல்லாம் தண்டித்தல் நீதியன்று.

அவ்வாறே, உளநோயுற்றோர் அனைவரும் உலோகத்தால் நோயுற்றோர் என்று முடிவுகட்டுவதும் பிழை. உலோகம் ஆபத்தைக் கூட்டும் ஒரு காரணமே. நோயுற்றவருக்கு முதலில் வேண்டியது வைத்தியசாலையும் அன்பும். ஐயம் இருப்பின் வைத்தியர் குருதியைப் பரிசோதிப்பார். உலோகத்தை வெளியேற்றும் மருந்துகள் கடுமையான நஞ்சேற்றத்துக்கு உரியவை. அவற்றைக் கண்டபடி உண்பது ஆபத்து. பதிவு பெறாதோர் தரும் பஸ்பமும் செந்தூரமும் சிலவேளை தாமே உலோகத்தைக் கொண்டுவருகின்றன. மருந்து குருதியிலுள்ள காரீயத்தைக் குறைக்குமேயன்றி, மூளைக்கு முன்னமே நேர்ந்த சேதத்தைத் திருப்பித் தராது.

திருப்பித் தர இயலாதெனினும் தடுத்தல் இயலும் என்பதற்கு அண்டை நாடொன்று சான்று. வங்காளதேசத்தில் மஞ்சட் கிழங்குக்குப் பளபளப்பான நிறமூட்டுவதற்குக் காரீயக் குரோமேற் என்னும் மஞ்சள் வர்ணப்பொடியைச் சேர்த்து வந்தனர். 1980ஆம் ஆண்டுகளில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்பதற்காகத் தொடங்கிய வழக்கம் என்பர். கருவுற்ற தாயரின் குருதியிலிருந்த காரீயத்துக்கு அம்மஞ்சளே காரணமென்று ஆய்வாளர் 2019ஆம் ஆண்டில் நிறுவினர். அவ்வாண்டு சந்தையிற் பெற்ற மாதிரிகளுள் நூற்றுக்கு 47இற் காரீயம் இருந்தது. அரசு அறிவித்தது, அதிகாரிகள் சந்தையிற் சோதனையிட்டுத் தண்டம் விதித்தனர், மக்களும் நிறம் மங்கிய மஞ்சளே நல்ல மஞ்சள் என்று கேட்டு வாங்கப் பழகினர். 2021ஆம் ஆண்டில் எடுத்த மாதிரிகளில் ஒன்றிலேனும் காரீயம் காணப்படவில்லை. முப்பதாண்டுப் பழக்கம் இரண்டே ஆண்டில் ஒழிந்தது.

உலகிற் குழந்தைகளுள் மூவரில் ஒருவருடைய குருதியில், அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பிள்ளைகளின் உடலில், கவலைக்குரிய அளவிற் காரீயம் இருப்பதாக யுனிசெவ் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. அப்பிள்ளைகளின் பெயர்கள் எந்த வைத்தியசாலைப் பதிவேட்டிலும் பெரும்பாலும் இல்லை. கவனக்குறைவு, முரட்டுத்தனம், மந்தம் என்று பள்ளிக்கூடத்து அறிக்கைகளில் அவை எழுதப்பட்டிருத்தல் கூடும். ஆதலால் அத்தகைய பிள்ளையொன்றைத் தண்டிக்கும் முன்னர், அதன் வீட்டில் பற்றரி உருக்கப்படுகிறதா, வர்ணம் உரிகிறதா, கண்ணுக்கு இடும் பொடி யாது என்று ஒரு கேள்வி கேட்கும் ஆசிரியர் பிரம்பை எடுப்பவரினும் பெரிய கல்வியைச் செய்தவராவார். அறுந்த இழையை ஏசாத நெசவாளியின் பொறுமையை வகுப்பறையும் வீடும் கற்றுக்கொள்ளுமாயின், பல உள்ளங்கள் அறுபடாமலே காக்கப்படும்.